வீட்டுக்குள் வரும் அழைப்பு: குருத்துவ இறையழைத்தலைச் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் எப்படிப் புரிந்துகொள்வது?

கத்தோலிக்கத் திருச்சபையில், உயிர்ப்புப் பெருவிழாவில் தொடங்கும் பாஸ்கா காலத்தின் 4ஆம் ஞாயிற்றுக்கு நல்லாயன் ஞாயிறு என்று பெயர். "நல்ல ஆயன் நானே" என்று இயேசு சொல்லும் யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் அன்று வாசிக்கப்படும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1964இல் அந்த ஞாயிற்றை இறையழைத்தலுக்காக, அதாவது கடவுள் விடுக்கும் வாழ்வு அழைப்புக்காக, உலகெங்கும் மன்றாடும் நாளாக்கினார். அன்றுமுதல் ஆண்டுதோறும் எல்லாக் கோயில்களிலும் குருக்களையும் துறவிகளையும் வேண்டி மன்றாட்டு எழுகிறது. ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து மாதா கோயிலுக்குத் தமிழ்த் திருப்பலிக்கு வரும் பெற்றோரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கைகூப்பிப் பதில் சொல்வார்கள்.

அந்த மன்றாட்டு கேட்கப்பட்டு, பதில் தங்கள் வீட்டுக்கே வந்துவிட்டால்? தேசிய சேவையை முடித்த மகன் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "குருமடத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன்" என்கிறான். அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறார். அந்த மௌனம் கோபத்தால் வந்ததன்று. அடுத்து என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாததால் வந்தது.

குருக்களுக்குப் பயிற்சி தரும் குருமடத்தைப் பற்றி மகன் சொன்னதற்கு என்ன பொருள், அதற்குப் பின் என்ன நடக்கும், பெற்றோருக்கும் பங்குக்கும் (ஒரு கோயிலைச் சார்ந்த மக்கள் சமூகத்துக்கும்) இதில் என்ன கடமை என்பதை இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

முதலில் சில சொற்கள்

இறையழைத்தல் என்ற சொல்லை நாம் குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமே ஒதுக்கிவிட்டோம். திருச்சபை அப்படிப் பேசுவதில்லை. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அழைப்பு உண்டு. திருமண வாழ்வும் அழைப்புதான். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் குருவும் இல்லை, துறவியும் இல்லை. மனைவியோடு வாழ்ந்த பொதுநிலையினர். அதனால் குருத்துவத்தை உயர்ந்த படி என்றும் மற்றவற்றைத் தாழ்ந்த படி என்றும் எண்ணிக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் தொடக்கமே தவறிவிடும்.

கட்டுரையில் அடிக்கடி வரும் மற்றச் சொற்கள்:

1. மறைமாவட்டக் குரு: ஓர் ஆயரின் (பிஷப்பின்) கீழ், அவர் பொறுப்பிலுள்ள பகுதியான மறைமாவட்டத்துக்கு உரியவராக இருப்பவர். பேச்சில் நாம் பங்குச்சாமியார் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இவர்களே. மணத்துறவையும் ஆயருக்குக் கீழ்ப்படிவதையும் இவர் வாக்களிக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு (கடவுளுக்குத் தரும் வாக்குறுதி) கொடுப்பதில்லை. சொந்தப் பெயரில் சேமிப்போ சொத்தோ வைத்திருக்கலாம்.

2. துறவறக் குரு: ஒரு சபையில் சேர்ந்து ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும் எடுத்துக்கொள்பவர். நொவீனா கோயிலில் இரட்சகர் சபையினர், புக்கிட் பாத்தோக்கில் உள்ள வானதூதர்களின் அன்னை ஆலயத்தில் பிரான்சிஸ்கன் சபையினர், புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் இயேசு சபையினர் என்று சிங்கப்பூரில் பல சபைகள் பணியாற்றுகின்றன. சபை எங்கே அனுப்புகிறதோ அங்கே போக வேண்டும்.

3. திருத்தொண்டர்: திருத்தொண்டர், குரு, ஆயர் என்ற திருப்பட்டங்களில் முதல் நிலை. குருவாகப் போகிறவர் இதைக் கடந்தே செல்கிறார். மணமான ஆண்கள் 35 வயதுக்குப் பின், மனைவியின் சம்மதத்தோடு, நிரந்தரத் திருத்தொண்டர் ஆகலாம். சிங்கப்பூரிலும் அத்தகையோர் இருக்கிறார்கள்.

4. தேர்ந்துதெளிதல்: இது கடவுளின் அழைப்பா, என் ஆசையா, வேறு எதிலிருந்தோ தப்பிக்கும் வழியா என்று பொறுமையாகப் பிரித்தறிவது. இந்தக் கட்டுரையின் மையச் சொல் இதுதான்.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால் தேவையில்லாத அச்சம் நிறைய உண்டாகிறது. "சாமியாராகப் போனால் நமக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்று பெரியவர்கள் சொல்வதை இன்றும் கேட்கலாம். வெளியுலகத் தொடர்பைத் துறந்து வாழும் கடுமையான அடைப்பு மடங்களைப் பற்றிய பேச்சு அது. பங்குக் குருவுக்குப் பொருந்தாது.

தட்டுப்பாடு எதனால்?

2023 இறுதியில் உலகில் ஏறத்தாழ 140 கோடிக் கத்தோலிக்கருக்கு ஏறத்தாழ 407,000 குருக்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் குருக்களின் எண்ணிக்கை கூடி வருகிறது; ஐரோப்பாவில் குறைந்து வருகிறது. நாளைய நிலையைக் காட்டுவது குருமாணவர் எண்ணிக்கை. 2011இல் 120,000ஐத் தாண்டியிருந்த அது, 2023இல் 106,000 அளவுக்கு இறங்கிவிட்டது.

சிங்கப்பூரில் நம்பிக்கை வற்றிப்போய்விட்டது என்று சொல்ல முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 7 விழுக்காட்டினர் கத்தோலிக்கர். 2024 செப்டம்பர் 12 அன்று தேசிய விளையாட்டரங்கில் திருத்தந்தை பிரான்சிஸ் நிறைவேற்றிய திருப்பலிக்கு ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். கோயில்கள் நிறைகின்றன. அப்படியிருக்க, பலிபீடத்துக்குப் பின்னால் நிற்க ஆள் குறைவது ஏன்?

காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது குடும்பத்தின் அளவு. 1965இல் சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.66 பிள்ளைகள் பிறந்தார்கள். 2023இல் அந்த எண் 0.97. நான்கைந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒருவன் குருமடம் போனால் அது பெருமைக்குரிய செய்தி. ஒரே மகன் உள்ள வீட்டில் அதே செய்தி தலையில் இடி விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. இது பெற்றோரின் பக்திக் குறைவு ஆகாது. நூற்றாண்டுகளாகக் குருக்களைத் தந்த பெரிய குடும்பம் என்ற அமைப்பே இல்லாமல் போய்விட்டது. "அந்தக் காலத்துத் தாய்மாருக்கு இருந்த தாராள மனம் இப்போது இல்லை" என்று மேடையில் குறைபட்டுக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அடுத்தது காலம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, சாதாரண நிலைத் தேர்வு, தொடக்கக் கல்லூரி அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரி, இரண்டு ஆண்டு தேசிய சேவை, பல்கலைக்கழகம் என்று ஓர் இளைஞனின் 25 வயதுவரை அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம். அதில் "நான் எதற்காக வாழ்கிறேன்?" என்று உட்கார்ந்து யோசிக்க ஒரு காலிக் கட்டம்கூட இல்லை. பட்டம் வாங்கிய கையோடு வேலை, வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு விண்ணப்பம், திருமணம். அழைப்பு வந்தாலும் அது காதில் விழும் இடைவெளி கிடைப்பதில்லை.

மூன்றாவதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். குருக்களும் துறவிகளும் சிறாருக்கு இழைத்த பாலியல் கொடுமைகள் பல நாடுகளில் வெளிவந்தபின், பெற்றோரின் நம்பிக்கையில் விரிசல் விழுந்திருக்கிறது. அதைப் பேசாமல் இறையழைத்தலை ஊக்குவிக்கப் போகிறவரை யாரும் நம்பப்போவதில்லை. குருமடத்தில் சேர்வதற்கு முன் நடக்கும் கடுமையான ஆய்வை விளக்கிச் சொல்வது அதனாலேயே முக்கியம்.

வெளியூர்க் குருக்களின் தீவு

சிங்கப்பூர்த் திருச்சபையைத் தொடக்கத்தில் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர்கள் பாரிஸ் அந்நிய வேதபோதகர் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள். அவர்களில் ஒருவரான பியேர் பாரிஸ் தமிழ் கற்று இங்குள்ள தமிழருக்கு ஆன்ம பணி செய்தார். 1888இல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து மாதா கோயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே எழுந்தது. 2005இல் அது தேசியச் சின்னமாக்கப்பட்டது.

உள்ளூர்க் குருக்களை உருவாக்கும் முயற்சியும் பழையதே. அதே பிரெஞ்சுச் சபை 1665இல் சயாம் நாட்டு அயுத்தியாவில் ஆசிய இளைஞர்களுக்காக ஒரு குருமடம் தொடங்கியது. போர்களாலும் துன்புறுத்தலாலும் அது ஊர் ஊராக மாறியது. 1770களில் சில ஆண்டுகள் அது இயங்கிய இடம் புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினம். தமிழ்க் கடற்கரையில் தங்கிச் சென்ற அந்தக் குருமடமே 1808இல் பினாங்கு வந்து சேர்ந்தது. பல தலைமுறைகளாகச் சிங்கப்பூர்க் குருமாணவர்கள் அங்கேதான் படித்தார்கள். 1983இல் பொங்கோலில் புனித பிரான்சிஸ் சவேரியார் பெரிய குருமடம் தொடங்கிய பிறகே, இந்தத் தீவிலேயே குருவாகப் பயிற்சி பெறும் நிலை வந்தது. இன்றைய பேராயர் கர்தினால் வில்லியம் கோ அந்தக் குருமடத்தின் அதிபராக இருந்தவர். 2022 ஆகஸ்ட் 27 அன்று சிங்கப்பூரின் முதல் கர்தினால் ஆனார்.

தமிழருக்கு இந்த வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. நம் மொழியில் நமக்கு ஆன்ம பணி செய்ய யாரோ ஒருவர் கடல் கடந்து வந்துகொண்டே இருந்திருக்கிறார். முதலில் பிரான்சிலிருந்து, பின்னர் தமிழகத்திலிருந்து. வந்தவர்களின் தியாகத்தை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் வெளியூரிலிருந்து வருபவருக்கு ஒரு தவணை உண்டு. அது முடிந்தால் திரும்பிப் போய்விடுவார்.

இது மொழிப்பற்றுப் பேச்சு இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குரு ஆங்கிலத்தில் செபித்து, நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் நோயாளர் எண்ணெய் பூசுகிறார். பாட்டிக்கு நடப்பது புரிகிறது, சொற்கள் புரியவில்லை. யாரோ மெல்ல "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்குகிறார்கள். இத்தனை நாள் வாய் திறக்காத பாட்டியின் உதடு அசைகிறது. திருவருட்சாதனம் எந்த மொழியிலும் முழுமையானதே. ஆனால் ஒப்புரவுக்காக (பாவ அறிக்கைக்காக) மண்டியிடும்போதும் சாகும்போதும் மனிதர் தாய்மொழிக்கே திரும்புகிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, தமிழில் செபிக்கத் தெரிந்த குருக்கள் நமக்குத் தேவை என்பது இப்படிப்பட்ட நேரங்களில்தான் விளங்குகிறது.

குருவாகும் பாதை

"விண்ணப்பம் கொடுத்தால் சாமியார் ஆகிவிடலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு, "உள்ளே போனால் வெளியே வரவே முடியாது" என்று அஞ்சுபவர்களும் உண்டு. இரண்டுமே உண்மையில்லை. 2016 டிசம்பர் 8 அன்று வத்திக்கான் வெளியிட்ட பயிற்சி நெறிமுறையின்படி பாதை இப்படிச் செல்கிறது:

1. உடன்நடத்தல். குருமடத்தில் சேரும் முன்பே, மறைமாவட்டத்தின் இறையழைத்தல் இயக்குநரையும் ஓர் ஆன்ம வழிகாட்டியையும் இளைஞர் தொடர்ந்து சந்திக்கிறார். இது பல மாதங்கள் நீளலாம், ஆண்டுகளும் ஆகலாம். இந்தக் கட்டத்தில் எந்தக் கடப்பாடும் இல்லை.

2. சேர்க்கை ஆய்வு. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் சான்றிதழ்கள், மருத்துவப் பரிசோதனை, விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு உளவியல் மதிப்பீடு. இங்கேயே பலர் "இப்போது வேண்டாம்" என்ற பதிலோடு திரும்புகிறார்கள்.

3. தொடக்க நிலை. பாடங்களைவிடச் செபத்துக்கும் தன்னை அறிவதற்கும் முதன்மை தரும் காலம்.

4. மெய்யியலும் இறையியலும். திருச்சபைச் சட்டப்படி மெய்யியல் குறைந்தது இரண்டு முழு ஆண்டுகள், இறையியல் நான்கு முழு ஆண்டுகள்.

5. பணிப்பயிற்சியும் திருப்பட்டங்களும். திருத்தொண்டராக 23 வயதும் குருவாக 25 வயதும் நிறைந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது ஆறு மாதம். எல்லாம் சேர ஏழெட்டு ஆண்டுகள் ஓடிவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் குருமாணவர் "நான் போகிறேன்" என்று சொல்லலாம். குருமடமும் "நீங்கள் போவது நல்லது" என்று சொல்லலாம். ஆன்ம வழிகாட்டியிடம் அவர் மனம் திறந்து பேசியவை இந்த முடிவில் சேராது. பட்டத்துக்கு ஏற்பது, குருமடத்திலிருந்து வெளியேற்றுவது பற்றித் தீர்மானிக்கும்போது ஆன்ம வழிகாட்டியிடமோ ஒப்புரவு கேட்பவரிடமோ கருத்துக் கேட்பதைச் சட்டத்தின் 240ஆம் எண் தடைசெய்கிறது. தன் பலவீனத்தை மறைக்காமல் சொல்ல ஓர் இடம் இருந்தால்தான் தேர்ந்துதெளிதல் உண்மையாக இருக்கும் என்பதால் வந்த ஏற்பாடு இது.

குருப்பட்டச் சடங்கின் தொடக்கத்தில் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஓர் உரையாடல் உண்டு. ஆயர் கேட்கிறார்: இவர் தகுதியானவர் என்று அறிவீர்களா? பொறுப்பாளர் பதில் சொல்கிறார்: கிறிஸ்தவ மக்களிடம் விசாரித்தும், பொறுப்பில் உள்ளோரின் பரிந்துரையைக் கேட்டும், இவர் தகுதியானவராகக் கண்டறியப்பட்டார் எனச் சான்று பகர்கிறேன். முதலில் வருவது மக்களிடம் விசாரித்த செய்தி. அதன் பிறகே இளைஞர் தரையில் குப்புற விழுகிறார். புனிதர் மன்றாட்டுமாலை எழுகிறது. ஆயர் அவர் தலையில் கைகளை வைக்கிறார். பங்கு மக்களாகிய நாம் அந்தச் சடங்கை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. நம் சொல்லும் அங்கே சான்றாக நிற்கிறது.

அழைப்பை எப்படி அறிவது?

சாமுவேல் முதல் நூலின் 3ஆம் அதிகாரத்தில் சிறுவன் சாமுவேலை ஆண்டவர் இரவில் அழைக்கிறார். மூன்று முறையும் அவன் எழுந்து ஓடுவது முதியவர் ஏலியிடம். கடவுளின் குரலும் வீட்டுப் பெரியவரின் குரலும் அவனுக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. மூன்றாம் முறைதான் ஏலிக்கே விளங்குகிறது. "போய்ப் படுத்துக்கொள், மறுபடி அழைத்தால், பேசும், கேட்கிறேன் என்று சொல்" என்கிறார். ஏலி சாமுவேலுக்காகப் பதில் சொல்லவில்லை. அவனைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

வழிகாட்டிகள் பொதுவாகப் பார்ப்பவை நான்கு. விருப்பம் நிலைத்து நிற்கிறதா. தியானம் முடிந்து வந்த சூட்டில் தோன்றி இரண்டு வாரத்தில் ஆறிவிடும் ஆசையா? நோக்கம் நேரானதா, தேர்வில் தோற்றதற்கோ காதல் முறிந்ததற்கோ மருந்தாகக் குருமடத்தைத் தேடுகிறாரா? தகுதி உண்டா, படிக்கவும், மற்றவர்களோடு ஒத்துப்போகவும், மணத்துறவை மகிழ்ச்சியோடு வாழவும் இயலுமா? கடைசியாக, திருச்சபை அவரை அழைக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "எனக்குள் அழைப்புக் கேட்டது, ஆகவே பட்டம் தாருங்கள்" என்று உரிமை கோர முடியாது. உள்ளே கேட்ட குரலை ஆயரின் குரல் உறுதிப்படுத்தினால்தான் அது இறையழைத்தல்.

வீட்டில் இரு பக்கத்து நெருக்கடி

திருச்சபைச் சட்டத்தின் 1026ஆம் எண் மிகச் சிறியது. திருப்பட்டம் பெறுபவருக்கு உரிய சுதந்திரம் இருக்க வேண்டும் என்கிறது. எந்த வகையிலும் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் பட்டம் பெறக் கட்டாயப்படுத்துவதை அது முற்றிலும் தடைசெய்கிறது. அதே மூச்சில், தகுதியுள்ளவரைத் தடுப்பதையும் தடைசெய்கிறது. தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே எழுதினார்களோ என்று எண்ணும் அளவுக்கு இது நமக்குப் பொருந்துகிறது. நம் வீடுகளில் இரண்டும் நடக்கின்றன.

தள்ளுவது ஒரு பக்கம். நெடுநாள் பிள்ளையில்லாத தாய் வேளாங்கண்ணி மாதாவிடம், "ஆண் பிள்ளை பிறந்தால் சாமிக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று நேர்ந்துகொள்வது நம் மரபில் உண்டு. அந்தத் தாயின் கண்ணீர் உண்மை; நம்பிக்கையும் உண்மை. ஆனால் மொட்டையும் மெழுகுவர்த்தியும் நம் கையில் இருப்பவை. மகனுடைய வாழ்க்கை நம் கையில் இருப்பதன்று. அம்மாவின் நேர்ச்சைக்காகக் குருமடம் போன பையன், அங்கே மகிழ்ச்சியின்றி இருந்தாலும் "திரும்பினால் அம்மா உடைந்துபோவார்" என்று வாயை மூடிக்கொள்கிறான். அப்படி நேர்ந்துகொண்டவர்கள் தங்கள் பங்குக் குருவிடம் பேசலாம். நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவோ அதை வேறு நற்செயலாக மாற்றவோ திருச்சபைக்கு வழி உண்டு. பையனிடம் அம்மாவே நேராக, "என் நேர்ச்சை உன்னைக் கட்டுப்படுத்தாது" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன் பின் அவன் எடுக்கும் முடிவு அவனுடையதாக இருக்கும்.

தடுப்பது மறுபக்கம். அதன் உள்ளே இருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டும்.

1. "வயதான காலத்தில் எங்களை யார் பார்ப்பது?" இது நியாயமான கேள்வி. தன்னலம் என்று இதை ஒதுக்குவது கொடுமை. பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் வழியாகச் சிங்கப்பூர் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. மறைமாவட்டக் குருவின் நிலையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அவருக்கு வாழ்க்கைப்படி உண்டு, விடுமுறை உண்டு, நோயிலும் முதுமையிலும் அவரைக் கவனிப்பது திருச்சபையின் கடமை. அதைவிட முக்கியமானது, அவர் பணியாற்றுவது இந்தத் தீவுக்குள். ஈசூனில் இருந்தாலும் பிடோக்கில் இருந்தாலும் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் ஒரு ரயில் பயணத்தில் வந்துவிடலாம். வேலைக்காக லண்டனுக்கோ சிட்னிக்கோ போன மகனை நாம் "சம்பாதிக்கப் போயிருக்கிறான்" என்று பெருமையோடு சொல்கிறோம். பண உதவியின் அளவு குறையும் என்பது உண்மை. அதை முன்கூட்டியே பேசித் திட்டமிட வேண்டும். இறையழைத்தல் இயக்குநரிடமே இதைக் கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. "பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டாமா?" ஒரே மகன் என்றால் வம்சம் அவனோடு நின்றுவிடும். இந்த இழப்புக்கு ஈடு இருப்பதாக யாரும் எளிதாகச் சொல்லிவிட வேண்டாம். பேரக்குழந்தையைக் கையில் ஏந்தும் ஆசையைப் பெற்றோரும் பலியாகக் கொடுக்கிறார்கள். அதை ஒப்புக்கொண்டு, அவர்கள் துக்கப்பட நேரம் கொடுப்பதே மரியாதை. மணத்துறவு இலத்தீன் வழிபாட்டுமுறைத் திருச்சபையின் ஒழுங்கு. உக்ரேனியக் கிரேக்கக் கத்தோலிக்கர் போன்ற கீழைத் திருச்சபைகளில் மணமானவர்கள் குருவாவது உண்டு. எனினும் சிங்கப்பூர் மறைமாவட்டக் குருவாக விரும்பும் ஒருவர் மணத்துறவை ஏற்றே ஆக வேண்டும்.

3. "இவ்வளவு படிக்க வைத்தது வீணா?" வீண் இல்லை. கணக்காளராக இருந்தவருக்குப் பங்கின் நிதி விளங்கும். தாதிமைப் பயிற்சி பெற்றவருக்கு நோயாளியின் பக்கத்தில் உட்காரத் தெரியும்.

ஊக்குவிப்பது யார், எப்படி?

இறையழைத்தலை வளர்ப்பது முழுக் கிறிஸ்தவ சமூகத்தின் கடமை என்கிறது சட்டத்தின் 233ஆம் எண். குடும்பங்கள், ஆசிரியர்கள், சிறப்பாகப் பங்குக் குருக்கள் என்று பெயர் குறித்தே சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி ஏடு, குடும்பத்தை முதல் குருமடம் என்று சொல்கிறது.

நடைமுறையில் சுவரொட்டியும் கண்காட்சியும் செய்வது கொஞ்சம்தான். அழைப்பைப் பற்ற வைப்பது பெரும்பாலும் ஒரு மனிதர் மற்றொரு மனிதரிடம் கேட்கும் கேள்வி. பூசை உதவிக்கு வரும் பையனிடம், "நீ குருவாவதைப் பற்றி எப்போதாவது யோசித்ததுண்டா?" என்று யாராவது நேரில், தனியாக, ஒருமுறை கேட்க வேண்டும். பதினைந்து பேர் நடுவில், "என்ன, சாமியாராகப் போகிறாயா?" என்று முதுகில் தட்டிச் சிரிப்பது கேட்பதாகாது. அது அவன் வாயை அடைக்கும்.

குரு தன் வாழ்க்கையைப் பற்றி மகிழ்ச்சியோடும் உண்மையோடும் பேசுவது இன்னும் வலிமையானது. தனிமை உண்டா என்று இளைஞர்கள் கேட்டால், உண்டு என்று சொல்லி, அதை எப்படித் தாங்குகிறேன் என்றும் சொல்லும் குருவை அவர்கள் நம்புகிறார்கள். நாம் நம் குருக்களை நடத்தும் விதத்தையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் மறையுரையையும் சாமியாரின் குணத்தையும் கிழித்துத் தொங்கப்போடும் வீட்டில் வளரும் பையன், அந்த இடத்துக்குத் தானும் போக வேண்டும் என்று எப்படி விரும்புவான்?

தமிழ்ச் சமூகம் செய்யக்கூடியது இன்னொன்றும் உண்டு. இளைஞருக்குத் தமிழில் செபிக்கவும் வாசகம் வாசிக்கவும் வாய்ப்புக் கொடுப்பது. உச்சரிப்புத் தவறினால் நடு வாசகத்தில் முகம் சுளிக்காமல், மறுவாரமும் அவனையே அழைப்பது. நாளை தமிழில் ஒப்புரவு கேட்கக்கூடிய குரு ஒருவர் வேண்டும் என்றால், இன்று தடுமாறும் நாக்கைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

திரும்பி வருபவர்

குருமடத்தில் சேரும் எல்லோரும் குருவாவதில்லை. முன்பே சொன்னதுபோல், அந்த ஆண்டுகளின் நோக்கமே தேர்ந்துதெளிவதுதான். மூன்றாம் ஆண்டில் "என் அழைப்பு இதுவன்று" என்று தெளிந்து வெளியே வருபவரிடம் குருமடம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

நம் ஊர்ப் பேச்சு அதை அப்படிப் பார்ப்பதில்லை. "சாமியார் படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டானாம்" என்ற வாக்கியத்தில் ஏதோ குற்றம் நடந்துவிட்ட தொனி ஒட்டிக்கொண்டிருக்கும். காரணம் தேடி, அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் கிசுகிசுப்பார்கள். பெண் பார்க்கப் போனால் அதையும் ஒரு குறையாக எடுத்து வைப்பார்கள். பெற்றோர் சில மாதம் வேறு கோயிலுக்குத் திருப்பலிக்குப் போவார்கள்.

இதன் விளைவு அந்தக் குடும்பத்தோடு நிற்பதில்லை. உள்ளே இருப்பவர் வெளியேறத் தயங்குவார். அழைப்பில்லாமலே பட்டம்வரை போய்விடும் ஆபத்து உண்டு. வெளியே இருப்பவர் உள்ளே போகத் தயங்குவார். திரும்பும் வழி அவமானம் நிறைந்ததாக இருந்தால் யார் முதல் அடி எடுத்து வைப்பார்? பெற்றோரும் அதையே அஞ்சி, முதல் நாளே கதவை அடைக்கிறார்கள். 1026ஆம் எண் கேட்கும் சுதந்திரத்தை, ஒரு சொல்லும் சொல்லாமல், ஊர்ப் பேச்சு பறித்துவிடுகிறது.

குருமடத்திலிருந்து வந்த இளைஞர் அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வருகிறார். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். திருப்பலி முடிந்ததும் யாராவது ஒருவர் அவரிடம் போய், "வா தம்பி, அடுத்த வாரம் இரண்டாம் வாசகம் நீ வாசிக்கிறாயா?" என்று கேட்க வேண்டும். காரணம் எதுவும் விசாரிக்க வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று, பூசை உடையை மடித்துக்கொண்டே அதைக் கவனிக்கும் பதினாறு வயதுப் பையன் ஒருவன் அங்கே இருப்பான்.